வலிக்கிற இடம் மட்டும் போதாது: காயத்திலிருந்து மீளுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் நான் நடத்தும் சாயங்காலப் பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்பதும், முக்கூடல், ஆலங்குளம், திசையன்விளைப் பக்கம் போகும்போது திண்ணையில் உட்கார வைத்துக் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். நான் பிசியோதெரபிஸ்ட். அறுவை சிகிச்சையும் மருந்தும் என் கையில் இல்லை. அடிபட்ட உடம்பை மறுபடி அதன் வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் என் வேலை.

முட்டி வலி என்று வந்தால் பாதத்தையும் இடுப்பையும் எதற்குப் பார்க்கிறீர்கள்?

முட்டி நடுவில் இருக்கிற மூட்டு. மேலே இடுப்பு எல்லாப் பக்கமும் சுழலும். கீழே கணுக்காலும் பாதமும் மேடு பள்ளத்துக்குத் தக்கபடி வளைந்து கொடுக்கும். முட்டிக்கு முக்கிய வேலை மடங்கி நீள்வது மட்டும்தான். மேலே இருப்பதோ கீழே இருப்பதோ தன் வேலையைச் சரியாகச் செய்யாவிட்டால், அந்தச் சுமை நடுவில் இருப்பதன் தலையில் விழும்.

ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற ஒருவர் வலது முட்டி வலியோடு வந்தார். எட்டு மாத வலி. எண்ணெய் தடவியாயிற்று, முட்டிக்கு உறை மாட்டியாயிற்று, தொடைக்குப் பயிற்சியும் செய்தாயிற்று. குத்த வைத்து உட்காரச் சொன்னேன். இடது குதிகால் தரையில் இருந்தது, வலது குதிகால் தூக்கிக்கொண்டது. இந்தக் காலில் எப்போதாவது அடிபட்டதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து கணுக்காலில் மாவுக்கட்டு போட்டது ஞாபகம் வந்தது அவருக்கு. கட்டைப் பிரித்த பிறகு அந்தக் கணுக்காலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது பாதிதான் மடங்கியது. படி இறங்கும்போதெல்லாம் முட்டி உட்பக்கமாகச் சாய்ந்து மீதியை ஈடுகட்டியது. கணுக்காலுக்கும் இடுப்புப் பக்கவாட்டுத் தசைக்கும் ஆறு வாரம் வேலை கொடுத்தோம். தொடைப் பயிற்சியை நிறுத்தவில்லை. வலி பெரும்பகுதி குறைந்துவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு எல்லா முட்டி வலியும் கணுக்காலிலிருந்துதான் வருகிறது என்று நினைத்துவிடக் கூடாது. முட்டியிலேயே தேய்மானமோ கிழிசலோ இருப்பதும் உண்டு. அதனால் முட்டியை விட்டுவிட்டு மற்றதைப் பார்ப்பதில்லை. முட்டியையும் பார்க்கிறேன், அதோடு சேர்ந்து வேலை செய்கிற எல்லாவற்றையும் பார்க்கிறேன்.

அப்படியானால் இது யோகாவா, ஜிம்மா, வர்மமா?

இதற்கென்று தனிப் பெயர் வைத்து விற்க எனக்கு விருப்பமில்லை. தரையில் உருளுவதும் இருக்கும், எடை தூக்குவதும் இருக்கும், மூச்சைக் கவனிப்பதும் இருக்கும். எந்தப் பயிற்சி என்பதைவிட அது யாருக்கு, அவர் நாள் முழுக்க என்ன வேலை செய்கிறார், இரவு எத்தனை மணி நேரம் தூங்குகிறார், எதைச் செய்யப் பயப்படுகிறார் என்பதை முதலில் கேட்டுக்கொள்வேன்.

உடம்பை முழுசாகப் பார்க்க வேண்டும் என்பது புதிய யோசனையும் இல்லை. மோஷே ஃபெல்டன்கிரைஸ் (1904–1984) ஓர் இயற்பியலாளர், ஜூடோ வீரர். கால்பந்து ஆடி முட்டியைக் கெடுத்துக்கொண்டார். அறுவை சிகிச்சையில் குணமாகும் என்று உறுதி கிடைக்காததால், தான் எப்படி நடக்கிறோம், எங்கே எடையை வைக்கிறோம் என்பதைத் தரையில் படுத்து மெதுவாக அசைத்து அசைத்துப் படித்தார். வேகமாகச் செய்யும்போது உடம்பு பழைய வழியிலேயே போகும், மெதுவாகச் செய்யும்போதுதான் வேறு வழி தெரியும் என்கிற அவருடைய பாடத்தை நான் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது மட்டும் போதாது. மெதுவாகக் கற்ற அசைவுக்குப் பிறகு பாரமும் கொடுக்க வேண்டும். பாரம் தாங்காத கால் நாற்று நடும் வயலில் நிற்காது.

அடிபட்டவுடனே ஐஸ் வைக்கவா, ஒத்தடம் கொடுக்கவா?

ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டுதல், தூக்கி வைத்தல் என்கிற நாலு சொல் மந்திரத்தை 1978-ல் பரப்பியவர் கேப் மிர்கின் என்கிற அமெரிக்க மருத்துவர். பல வருடம் கழித்து, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று அவரே எழுதினார். வீக்கம் என்பது பழுது பார்க்க வந்த ஆட்கள் கூடி நிற்பது மாதிரி. அவர்களை முழுக்க விரட்டிவிடக் கூடாது.

அதனால் நான் சொல்வது இவ்வளவுதான். வலி தாங்க முடியவில்லை என்றால் துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள், தப்பில்லை. முதல் இரண்டு மூன்று நாள் அளவாகக் கட்டி, காலைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் சூடான ஒத்தடமும் எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதும் வேண்டாம், வீக்கம் கூடும். பிறகு வலி அனுமதிக்கிற அளவுக்கு அசைக்கத் தொடங்குங்கள்.

கணுக்கால் பிசகியதா, எலும்பு முறிந்ததா என்ற சந்தேகம் வந்தால், 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த ஓர் எளிய விதி உண்டு. கணுக்காலின் இரு பக்க எலும்பு முண்டுக்குப் பின்விளிம்பில் அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? அடிபட்டவுடனும், பிறகு மருத்துவரிடம் போகும்போதும் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பாதத்தின் நடுப்பகுதி எலும்பில் அழுத்தினால் வலித்தாலும் அப்படித்தான்.

எத்தனை நாள் ஓய்வு எடுக்க வேண்டும்?

தாமிரபரணிக் கரையில் பிசான நெல் சாகுபடிக்கு நாற்று நட்டவர்களுக்கு இது சொல்லாமலே தெரியும். நட்ட அன்றே வயலில் இறங்கி உழப்ப முடியாது. ஆனால் நாற்று பச்சை பிடித்த பிறகும் தண்ணீர் காட்டாமல், களை எடுக்காமல் விட்டால் விளையாது. காயமும் அப்படித்தான். சாதாரணத் தசைப் பிடிப்பு இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். எலும்பு கூட 6 முதல் 12 வாரம். மூட்டை இழுத்துப் பிடிக்கிற ஜவ்வும், தசையை எலும்போடு சேர்க்கிற நாணும் (பேச்சில் இதையும் நரம்பு என்றே சொல்கிறோம்) மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். வலி போவது ஒரு தேதி, உள்ளே வலு வருவது இன்னொரு தேதி. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில்தான் பெரும்பாலோர் மறுபடி அடிபடுகிறார்கள்.

எனக்கே நடந்தது. படிக்கிற காலத்தில் மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் கட்டுப் போட்டார்கள். கட்டுக்கு வெளியே இருக்கிற விரல்களை அசைக்க வேண்டும், தோளை மேலே தூக்கி இறக்க வேண்டும் என்று அந்த மருத்துவமனையில் யாரும் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. எலும்பு அழகாகக் கூடிவிட்டது. ஆனால் தோள் இறுகிப்போய், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோக நாலு மாதம் ஆயிற்று. அன்றிலிருந்து கட்டுப் போட்டவர் யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது கட்டுக்குள் இல்லாத மூட்டுகளைத்தான்.

வலிக்கும்போது பயிற்சி செய்யலாமா?

செய்யலாம், அளவு தெரிந்து. வலியே இல்லாதது 0, தாங்கவே முடியாதது 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது 3 வரை போனால் பரவாயில்லை. அப்புறம் மறுநாள் காலையைப் பாருங்கள். எழுந்து முதல் அடி வைக்கும்போது முந்தின நாள் காலையில் இருந்ததைவிட வலி கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், பாதியாகக் குறையுங்கள். அதே அளவோ குறைவோ என்றால் அடுத்த தடவை கொஞ்சம் கூட்டலாம். இந்த மறுநாள் காலைக் கணக்கு நான் கற்றுக்கொடுப்பதிலேயே மிக உபயோகமானது என்று நினைக்கிறேன். எந்தக் கருவியும் வேண்டாம், ஏமாற்றவும் முடியாது.

ஸ்வீடனில் ஹோகன் அல்ஃப்ரெட்சன் என்கிற எலும்பு மருத்துவர், குதிகால் நாண் நாள்பட்டு வலிக்கிற ஓட்டக்காரர்கள் 15 பேரை, படி விளிம்பில் முன்பாதத்தில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியைச் செய்ய வைத்தார். தினம் இரண்டு வேளை, 12 வாரம். வலி இருந்தாலும் நிறுத்தச் சொல்லவில்லை. 15 பேரும் பழையபடி ஓடப் போனார்கள். 1998-ல் அது வெளிவந்தது. நாள்பட்ட நாண் வலிக்கு ஓய்வைவிடப் பாரம்தான் மருந்து என்று நாங்கள் எல்லோரும் நினைக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஸ்கேனில் முதுகு ஜவ்வு (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற வட்டு) விலகியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் குனியவே கூடாதா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வலியைவிட அந்தப் பேப்பர் அவர்களை அதிகம் முடக்கியிருக்கும்.

2015-ல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருந்தது. 50 வயதில் 60 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம். இவர்கள் யாருக்கும் வலி இல்லை என்பதை மறந்துவிட வேண்டாம். நரை விழுவது போல, தோல் சுருங்குவது போல, இதில் பெரும்பகுதி வயதின் அடையாளம். உங்கள் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. வலி நிஜம். அந்தப் படத்தில் தெரிவதுதான் அதற்குக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

குனியாமல் வாழ முடியாது. வாசல் தெளித்துக் கோலம் போட வேண்டும், பிள்ளையைத் தூக்க வேண்டும். அதனால் குனிவதைத் திரும்பக் கற்றுக்கொள்கிறோம். முதலில் நாலு காலில் நின்று முதுகை வளைத்து நிமிர்த்துவது, பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கையைத் தரைக்குக் கொண்டுபோவது, பிறகு நின்றபடி, பிறகு கையில் 2 கிலோ, 5 கிலோ.

ஆனால் சில அடையாளங்கள் இருந்தால் என்னிடம் வரக் கூடாது, நேரே ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனை மாதிரிப் பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். சிறுநீர் வராமல் அடைப்பது, அல்லது தெரியாமல் போய்விடுவது. ஆசனவாய், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது. இரண்டு காலும் வலுவிழப்பது. இதில் மணி நேரம் கூடக் கணக்கு. விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காய்ச்சலோடு வரும் முதுகு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் குறையாத இரவு வலி இருந்தாலும் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.

பீடி சுற்றுகிறேன். கழுத்து, தோள், பெருவிரல் எல்லாம் வலி. வேலையை விட முடியாது. என்ன செய்ய?

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு கேட்கிற கேள்வி இது. "பீடி சுற்றுவதை நிறுத்துங்கள், தரையில் உட்காராதீர்கள்" என்று எழுதிக் கொடுப்பது சுலபம். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண்ணுக்கு அது ஆலோசனை ஆகாது. அதனால் வேலைக்கு உள்ளேயே மாற்றம் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் சொளவு, அதாவது பீடி சுற்றும்போது மடியில் வைத்துக்கொள்கிற முறம். அது மடியில் தாழ்ந்து கிடக்கிறவரைக்கும் கழுத்து கீழேதான் தொங்கும். தலையின் எடை 4, 5 கிலோ இருக்கும். குனியக் குனிய அதைப் பிடித்து நிறுத்தக் கழுத்தின் பின்தசைக்கு வேலை கூடும். மடியில் கெட்டியான ஒரு தலையணையை வைத்து அதன் மேல் சொளவை வையுங்கள். முதுகுக்குச் சுவர் வேண்டும். பிட்டத்துக்கு அடியில் நாலு விரல் உயரத்துக்கு மடித்த போர்வை வைத்தால் இடுப்பு நிமிரும், இடுப்பு நிமிர்ந்தால் கழுத்து தானாகவே பாதி நிமிரும். ஒரு காலையே நீட்டி உட்கார்கிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. பீடிக் கட்டுக்குக் கட்டு காலை மாற்றுங்கள்.

அடுத்தது இடைவெளி. அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருங்கள் என்றால் யாரும் எழுந்திருப்பதில்லை, கடிகாரத்தை யார் பார்ப்பது? ஒரு கட்டு கட்டி முடித்ததும் இரண்டு கையையும் தலைக்குப் பின்னால் கோத்து, மேல் முதுகை மட்டும் பின்னால் சாய்த்து மூன்று நீண்ட மூச்சு. நாலு கட்டுக்கு ஒரு தடவை எழுந்து அடுப்படி வரைக்கும் ஒரு நடை. முக்கூடல் பக்கம் ஓர் அக்கா இதைத் தன் மகளுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சொல்லிக்கொடுத்து, இப்போது அந்தத் தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து எழுந்திருக்கிறார்கள். எனக்கு அதைப் பார்ப்பதில் அவ்வளவு சந்தோஷம்.

பெருவிரலுக்கு வருவோம். இலை வெட்டுகிற கத்தரி மழுங்கியிருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் பெருவிரல் கூடுதலாக அழுத்தும், சாணை பிடித்து வையுங்கள். இலையைக் காயவிட்டு வெட்டாமல் பதமாக நனைத்து வெட்டுங்கள். பெருவிரலை உள்ளே மடக்கி, மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் பெருவிரல் அடியில் சுரீர் என்கிறதா? அப்படியானால் அங்குள்ள நாண் உறை வீங்கியிருக்கலாம். சில வாரம் வேகத்தைக் குறைத்து, பெருவிரலைத் தாங்குகிற பட்டை போட வேண்டிவரும்.

இதெல்லாம் வலியைக் குறைக்கும். திரும்ப வராமல் இருக்க உடம்புக்கு வலு வேண்டும், அதுவும் கழுத்துக்கு மட்டும் இல்லை. நாள் முழுக்கக் கை முன்னால் மட்டுமே வேலை செய்வதால், இழுக்கிற வேலை கொடுக்கிறேன். ஜன்னல் கம்பியில் பழைய சேலையைக் கோத்து, இரண்டு முனையையும் பிடித்துப் பின்னால் சாய்ந்து, தோள்பட்டையைச் சேர்த்து இழுத்து நிமிர்வது. பத்து தடவை, வாரம் மூன்று நாள்.

பதநீர்க் காலம் தொடங்கும்போது மட்டும் தோள் வலி வருகிறது. ஏன்?

பனையேறுகிற ஓர் அண்ணாச்சி கேட்டது. பதிலும் அவர் கேள்வியிலேயே இருக்கிறது. வருடத்தில் பல மாதம் மரமே ஏறாமல் இருந்துவிட்டு, பாளை வந்ததும் ஒரே வாரத்தில் தினம் இரண்டு வேளை, அத்தனை மரமும் ஏறினால் தசை எப்படியோ ஈடுகொடுக்கும், நாண் ஈடுகொடுக்காது. தசையைவிட நாண் மெதுவாகத்தான் பழகும். காலம் தொடங்க ஆறு வாரம் இருக்கும்போதே தயாராக வேண்டும். வேப்பங்கிளையைப் பிடித்து 10 விநாடி தொங்குவதில் தொடங்கலாம். முதல் வாரம் இரண்டு மூன்று மரம், பிறகு வாரத்துக்கு வாரம் கூட்டிக்கொண்டு போகலாம்.

இன்னொன்று: பனையேற்றம் தோளால் மட்டும் செய்கிற வேலை இல்லை. தளைநாரில் பாதம் மாட்டி இடுப்பும் தொடையும் உடம்பை மேலே தள்ள வேண்டும், கை பிடித்து நிறுத்த வேண்டும். இடுப்பு இறுகி, தொடை சோர்ந்தால் கை இழுக்கத் தொடங்கிவிடும். அவருடைய தோளுக்கு நான் கொடுத்த பயிற்சியில் பாதி, குத்த வைத்து எழுவதுதான்.

கபடியில் முட்டி ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் ஆயிற்று. ஆறு மாதம் ஆகிவிட்டது, வலியும் இல்லை. ஆடலாமா?

வேண்டாம் தம்பி. கோபப்பட்டாலும் பரவாயில்லை, வேண்டாம்.

1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடிய மணத்தி கணேசனின் ஊர் இந்தச் சீமையில்தான் இருக்கிறது. கபடி இங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும். கோயில் கொடை முடிந்து ராத்திரி லைட் போட்டு நடக்கிற ஆட்டத்தில் ஊர் முழுக்கக் கூடி நிற்கும்போது வெளியே உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்றும் தெரியும். ஆனாலும் கேளுங்கள். கிழிந்த ஜவ்வுக்குப் பதிலாக வைத்தது உங்கள் தொடையிலிருந்தோ முட்டியின் முன்புறத்திலிருந்தோ எடுத்த ஒரு நாண். அது ஜவ்வாக மாறுவதற்கு முன்னால் கொஞ்ச காலம் முன்னைவிட வலுவிழந்தும் இருக்கும். அந்தச் சமயத்தில் வலி இருக்காது, அதுதான் ஆபத்து. நார்வேயில் நடந்து 2016-ல் வெளிவந்த ஆய்வில், 9 மாதம் வரைக்கும் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி அடிபடுகிற வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது.

மாதக் கணக்கு மட்டும் போதாது. அடிபட்ட காலின் தொடை வலு, மற்ற காலின் வலுவில் 90 சதவீதமாவது வர வேண்டும். ஒற்றைக் காலில் தாண்டிக் குதித்தால் இரண்டு காலும் ஏறக்குறைய ஒரே தூரம் தாண்ட வேண்டும். இறங்கும்போது முட்டி உள்ளே சாயக் கூடாது. இதைச் சோதிக்காமல் "ஒன்பது மாதம் முடிந்தது" என்று களம் இறங்குகிறவர்களையும் நான் பார்க்கிறேன்.

கபடிக்கென்று சில விஷயம் தனியாக இருக்கிறது. பாடிப் போகிறவரின் காலை ஒருவர் பிடித்துவிட்டால், பாதம் அங்கேயே நிற்க உடம்பு மட்டும் கோட்டை நோக்கித் திரும்புகிறது. அந்த முறுக்குதான் ஜவ்வைக் கிழிக்கிறது. ஆகவே கடைசி மூன்று மாதம் ஜிம் பயிற்சியோடு நிற்பதில்லை. முதலில் நேராக ஓட்டம், பிறகு திரும்பும் ஓட்டம், பிறகு எதிராளி இல்லாமல் பாடிப் போவது, பிறகு ஒருவர் மெதுவாகக் கால் பிடி போட அதிலிருந்து இடுப்பைத் தாழ்த்தி விடுபடுவது, கடைசியில்தான் முழு ஆட்டம். மண் களத்தில் பழகியவர் ரப்பர் விரிப்பில் (மேட்) முதல்முறை ஆடும்போது பாதம் சறுக்காமல் ஒட்டிப் பிடிக்கும். அங்கே மறுபடி சில வாரம் பழக வேண்டும்.

அடிபடாத காலையும் விடாதீர்கள். ஒரு தடவை ஜவ்வு கிழிந்தவருக்கு அடுத்த காலில் கிழிவதும் சாதாரணமாக நடக்கிறது.

சுளுக்கு எடுக்கிறவரிடமோ வர்ம ஆசானிடமோ போகலாமா?

போகிறவர்களைத் தடுப்பதில்லை. பாளையங்கோட்டையில் 1964 முதல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முறையாகப் படித்தவர்களைத் தேடிப் போக நமக்கு வசதி உண்டு. தெரிந்த கை மெதுவாக நீவும்போது தசை தளர்கிறது, பயம் குறைகிறது, அதற்குப் பிறகு அசைப்பது எளிதாகிறது. அந்தத் தளர்ச்சி கொஞ்ச நேரம்தான் நிற்கும். அந்த நேரத்தில் பயிற்சி செய்துவிட வேண்டும், படுத்துத் தூங்கிவிடக் கூடாது.

நான் கண்டிப்பாகச் சொல்வது எலும்பு முறிவுக் கட்டைப் பற்றி. மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டிய பிறகு விரல் நுனி நீலமாகவோ வெளிறியோ போனாலும், மரத்தாலும், விரலை நீட்டும்போது உயிர் போகிற மாதிரி வலித்தாலும் அந்த நிமிடமே கட்டை அவிழ்த்துவிட்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். உள்ளே ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். மாவுக்கட்டுக்கும் இதே எச்சரிக்கைதான்.

முதுகுப் பிடிப்புக்கு, கால் முன்னே வரப் பிறந்தவரை மிதிக்கச் சொல்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. வயதானவர்களுக்கு எலும்பு மெலிந்திருக்கும், மிதியில் முறிந்துபோகலாம். வேண்டாம்.

எல்லா வலிக்கும் வாய்வுதான் காரணமாமே?

இல்லை. நெஞ்சில் வலி, இடது தோளில் வலி, தாடையில் இழுப்பு, கூடவே வேர்வை என்றால் அதை வாய்வு என்று சொல்லிப் பூண்டு சாப்பிட்டுக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஈசிஜி எடுக்க வேண்டும்.

குற்றாலத்தில் குளித்தால் வலி போகுமா?

சீசனில் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வருகிறவர்கள் இரண்டு மூன்று நாள் லேசாக இருக்கிறது என்று சொல்வதை நான் நம்புகிறேன். குளிர்ந்த தண்ணீரும் அதன் அடியும் நரம்பு மண்டலத்துக்கு வேறு செய்தி அனுப்புகின்றன, வலி பின்னால் போய்விடுகிறது. தோள், முதுகில் விழட்டும். கழுத்து எலும்பில் கோளாறு இருப்பவர்கள், கை மரத்துப்போகிறவர்கள் பேரருவிக்கு நேர் கீழே தலையைக் குனிந்து கொடுக்க வேண்டாம். வழுக்குப் பாறையில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வருகிறவர்களும் ஒவ்வொரு சீசனுக்கும் உண்டு.

அம்மாவுக்கு 68 வயது. விழுந்துவிடுவாரோ என்று கீழேயே உட்கார விடுவதில்லை. சரிதானே?

அன்பாகத்தான் செய்கிறீர்கள், ஆனால் அம்மாவின் கால் வலுவை அதுதான் பறிக்கிறது. தரையில் உட்கார்ந்து எழுகிற ஒவ்வொரு தடவையும் இடுப்பு, முட்டி, கணுக்கால் மூன்றும் முழுசாக மடங்கி, மொத்த உடம்பையும் தூக்குகிறது. பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையிலான 2,000 பேருக்கு மேல் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்தார்கள். கையை ஊன்றாமல் எழ முடிந்தவர்கள், முடியாதவர்களைவிட அடுத்து வந்த வருடங்களில் அதிகம் பேர் உயிரோடு இருந்தார்கள்.

இதற்காக நாளைக்கே கீழே உட்கார வைக்காதீர்கள். முதலில் உயரமான நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, பிறகு முக்காலி, பிறகு மணை, பிறகு கட்டிலைப் பிடித்துக்கொண்டு தரை. ஒவ்வொரு படிக்கும் இரண்டு வாரம் எடுத்தாலும் அவசரமில்லை. அதோடு பல் துலக்கும்போது சுவரில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் 10 விநாடி. குளியலறையில் பிடிமானக் கம்பியும் ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கும் போட்டுவிடுங்கள்.

சர்க்கரை இருக்கிறது. எனக்கு எதாவது வேறுபாடு உண்டா?

இரண்டு விஷயம். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம், ஆறவும் மாதங்கள் ஆகும். முரட்டுத்தனமாக இழுத்துத் திருப்ப விடாதீர்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்கால் பயிற்சி வேண்டாம், தினமும் ராத்திரி உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள்.

சாப்பாட்டில் என்ன சேர்க்க வேண்டும்?

ஆறுகிற உடம்புக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ இருந்தால் 72 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. காணத் (கொள்ளு) துவையல், உளுந்தங்களி, சாளை மீன், பருப்பு, தயிர் எல்லாம் சேர்ந்தால்தான் அந்தக் கணக்கு நிரம்பும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்ட வேண்டாம். தூக்கம் 7 மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் அதே பயிற்சி கூடுதலாக வலிக்கும். நான் பயிற்சியைக் குறைப்பது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

வீட்டில் தினமும் 15 நிமிடத்தில் என்ன செய்யலாம்?

புதிதாகக் காயம் இல்லாதவருக்கு நான் சொல்லுவது இது. மல்லாக்கப் படுத்து, முட்டியை மடக்கி, விலா எலும்பு பக்கவாட்டில் விரிகிற மாதிரி பத்து மூச்சு. அப்படியே இரண்டு முட்டியையும் ஒரு பக்கமும் மறு பக்கமும் மெதுவாகச் சாயவிடுங்கள். எந்தப் பக்கம் சுலபம் என்று கவனியுங்கள், சரிசெய்ய வேண்டாம். புரண்டு எழுந்து நாலு காலில் நின்று எதிரெதிர் கை காலை நீட்டுங்கள், பக்கத்துக்கு ஆறு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குத்த வைத்து உட்கார்ந்து ஒரு நிமிடம் இருங்கள், குதிகால் தரையில் இருக்கட்டும். பிறகு பிடிக்காமல் பத்து தடவை உட்கார்ந்து எழுங்கள். கடைசியாகப் பாதி நிரப்பிய இரண்டு குடத்தை இரண்டு கையிலும் தொங்கவிட்டு, தோள் தூக்காமல், முற்றத்தில் இரண்டு நிமிடம் நடங்கள். ஒரு வாரம் ஒரே குடத்தை ஒரு கையில் மட்டும் தூக்கி நடந்து பாருங்கள், விலாப் பக்கத் தசை எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத் தெரியும்.

வலி போய்விட்டால் சிகிச்சை முடிந்தது என்றுதானே அர்த்தம்?

முதல் நாளே நான் கேட்பது, சரியானதும் என்ன செய்ய ஆசைப்படுகிறீர்கள் என்றுதான். திருநெல்வேலி டவுனைச் சேர்ந்த 54 வயது பெரியவர் ஒருவர், முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், "ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் வடம் பிடிக்கணும்" என்றார். சின்ன வயதிலிருந்து ஒரு வருடம்கூட விட்டதில்லையாம். அப்போது மார்கழி. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரின் சம்மதத்தோடு அந்த ஆறு மாதமும் வடத்துக்காகவே பயிற்சி செய்தோம். முதலில் நடை, ரத வீதி ஒன்றை முழுசாக நடக்க, பிறகு நாலையும் நடக்க. பிறகு குனிந்து நிமிர்வது. சித்திரையில் தென்னங்கயிற்றில் மணல் மூட்டையைக் கட்டி, காலை அகட்டி, இடுப்பால் இழுப்பது. கூட்டத்தில் இடித்தால் விழாமல் இருக்கப் பக்கவாட்டில் தள்ளிவிட்டும் பழக்கினோம். முதுகு பாதியில் பிடித்துக்கொண்டால் வடத்தை விட்டு எப்படி வெளியே வருவது என்பதையும் பேசி வைத்துக்கொண்டோம்.

தேரன்று வடத்தின் கடைசிப் பக்கம், கூட்டம் குறைவான இடத்தில் பிடித்தார். ஒரு வீதி முடிந்ததும் தானாகவே வெளியே வந்து, ஒரு கடை வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, கடைசி வீதியில் மறுபடி போய்ச் சேர்ந்துகொண்டார். மறுநாள் காலை போன் செய்து சொன்னார்: "நேற்றைக்கு இருந்த வலிதான் இருக்கு, கூடலை."